தாம்பரம் மாநாடு (1938): திருச்சபையின் உரிமைகளும் சேரியின் உரிமைகளும்

1938 டிசம்பர் 12 முதல் 29 வரை தாம்பரத்தில் கூடிய அனைத்துலக மிஷனரிக் கழக மாநாடு, டச்சு அறிஞர் ஹென்ட்ரிக் கிரேமரின் பெயரோடு இணைத்தே பேசப்பட்டு வருகிறது. பிற சமயங்களைக் கிறித்தவர் எவ்வாறு நோக்க வேண்டும் என்னும் விவாதமே அம்மாநாட்டின் சாரம் எனக் கொள்ளப்பட்டமையால், அரசு, குடியுரிமை, சமயச் சுதந்திரம் ஆகியன பற்றி அது கூறியவை தமிழில் போதிய கவனம் பெறவில்லை. மாநாட்டுத் தொகுதிகள் ஏழனுள் ஆறாவது, திருச்சபையும் அரசும் என்னும் பொருளுக்கே ஒதுக்கப்பட்டது. அங்கு வகுக்கப்பட்ட உரிமைகள் யாருடையவை, யாரை விட்டுவிட்டவை என்பதைத் தாம்பரம் அன்று அடங்கியிருந்த செங்கற்பட்டு மாவட்டத்தின் வரலாற்றோடு பொருத்தி இக்கட்டுரை ஆராய்கிறது.

இடமும் காலமும்

மாநாடு முதலில் சீனத்தின் ஹாங்சௌ நகரில் நடைபெறுவதாக இருந்தது. 1937-இல் ஜப்பான் சீனத்தின்மீது போர் தொடுத்ததால் இடம் மாற்றப்பட்டது. அதே ஆண்டில்தான் சென்னைக் கிறித்தவக் கல்லூரி, ஜார்ஜ் டவுனின் நெரிசலை விட்டுச் சேலையூர்க் காட்டை ஒட்டிய புதிய வளாகத்திற்குப் பெயர்ந்திருந்தது. கடற்கரை முதல் தாம்பரம் வரை மின்தொடர்வண்டி 1931 முதலே ஓடிக்கொண்டிருந்தது. ஏறத்தாழ 70 நாடுகளிலிருந்து 471 பேர் இங்கு வந்து சேர்ந்தனர். அவர்களுள் பாதியளவினர் ஆசிய, ஆப்பிரிக்க, இலத்தீன் அமெரிக்கத் திருச்சபைகளைச் சார்ந்தோர்.

இவ்விகிதத்தின் பொருளை 1910 எடின்பரோ மாநாட்டோடு ஒப்பிட்டால் உணரலாம். அங்குக் கூடிய ஏறத்தாழ 1,200 பேருள் மேற்கத்தியர் அல்லாதோர் இருபதின்மர் அளவே. மேலை மிஷனரிகள் தம் வாழ்வையே ஈந்தாலும் நட்பை ஈவதில்லை என்னும் குறையை அம்மன்றத்தில் நேர்நின்று உரைத்தவர் வெள்ளாளன்விளையில் பிறந்த வே. சா. அசரியா. தாம்பரத்திற்கு அவர் தோர்ணக்கல் பேராயராக வந்தார். போரிட்டுக்கொண்டிருந்த இரு நாடுகளிலிருந்து சீனக் கல்வியாளர் ஊ இ-ஃபாங்கும் ஜப்பானியச் சீர்திருத்தவாதி ககாவாவும் ஒரே வளாகத்தில் தங்கினர். தென்னாப்பிரிக்காவிலிருந்து ஆல்பர்ட் லுதுலி வந்திருந்தார்.

சென்னை மாகாணத்தில் அப்போது இராஜாஜியின் காங்கிரசு அமைச்சரவை ஆட்சியில் இருந்தது. கட்டாய இந்தி எதிர்ப்பு மறியல்களால் சிறைகள் நிரம்பிக்கொண்டிருந்தன. அந்த டிசம்பரிலேயே பெரியார் சிறைத்தண்டனை பெற்றார். வழிபாட்டிலும் சமயக் கல்வியிலும் மக்கள் மொழியைப் பயன்படுத்தும் உரிமையை மாநாடு தன் கோரிக்கைகளுள் ஒன்றாகச் சேர்த்தது. வளாகத்திற்கு வெளியே நடந்த மொழிப் போரோடு அதற்குத் தொடர்பு இருந்ததாகக் கொள்ள இடமில்லை. எனினும் இரண்டும் ஒரே மாதத்தில் நிகழ்ந்தவை.

உரிமைப் பட்டியல்

1937 ஆக்ஸ்போர்டு மாநாடு சமயச் சுதந்திரத்தின் குறைந்தபட்சக் கூறுகளை வகுத்திருந்தது. தாம்பரம் அவற்றை ஏற்று விரித்தது. தடையின்றிப் பொதுவில் கூடி வழிபடுதல், தம் நம்பிக்கை அறிக்கையைத் தாமே வகுத்தல், இளையோர்க்குச் சமயக் கல்வி அளித்தல், நற்செய்தியை வெளிப்படையாக அறிவித்தல், சேர விரும்புவோரைச் சேர்த்துக்கொள்ளுதல் ஆகியன முதல் நிலையில் அமைந்தன. நூல் வெளியிடுதல், சொத்து வைத்திருத்தல், பிற நாட்டுத் திருச்சபைகளோடு ஒன்றிச் செயற்படுதல் முதலியன அடுத்து வந்தன.

இப்பட்டியல் அச்சத்தின் விளைவு. செர்மனியில் இட்லரின் அரசு திருச்சபையைத் தன் கைக்குள் கொண்டுவர முயன்றது. கொரியாவில் ஷிண்டோ ஆலயங்களில் வணங்குமாறு கிறித்தவர் வற்புறுத்தப்பட்டு, 1938 செப்டம்பரில் பிரசுபிட்டீரியப் பேரவையே அதற்கு இணங்க நேர்ந்தது. முழுதாளும் அரசின்முன் வழிபடும் சமூகம் உயிர்தரிக்கத் தேவையானவை எவை என்பதே உறுப்பினர்முன் நின்ற வினா. ஆகவே பட்டியலில் பெரும்பாலும் உரிமை பெறுவது திருச்சபை என்னும் நிறுவனமே. தனிமனிதர் அதன் உறுப்பினர் என்ற நிலையில் மட்டும் தோன்றுகிறார். சமூகச் சீர்திருத்தத்தை இறையரசோடு இணைத்துப் பேசும் போக்கையே ஐயுற்ற செர்மானிய உறுப்பினர்கள் தனி அறிக்கை அளித்தனர்.

இந்நிறுவனப் பார்வையைச் சென்னைக் கிறித்தவர் சிலர் முன்கூட்டியே எதிர்த்திருந்தனர். நீதிபதி பா. செஞ்சையா, வழக்கறிஞர் வெ. சக்கரை முதலியோர் மாநாட்டை ஒட்டி, இந்தியாவில் கிறித்தவத்தை மறுசிந்தனைக்கு உட்படுத்தும் கட்டுரைத் தொகுதி ஒன்றை 1938-இல் வெளியிட்டனர். நற்செய்திக்கும் பிற சமயங்களுக்கும் இடையே தொடர்ச்சி இல்லை என்பது கிரேமரின் நிலைப்பாடு. அதனை மறுத்த செஞ்சையா, இயேசு கொணர்ந்தது புதிய மானுடப் படைப்பு, திருச்சபை அமைப்பன்று என்றார். இது வெறும் இறையியல் பூசலன்று. தொழிற்சங்கத் தலைவராகவும் பின்னாளில் சென்னை மேயராகவும் விளங்கிய சக்கரையைப் போன்றோர்க்கு, திருச்சபையை மையமாகக் கொண்ட அரசியல் கிறித்தவரைத் தனிச் சமூகமாக ஒதுக்கிவிடும் என்ற கவலை இருந்தது. வட்டமேசை மாநாட்டில் இந்தியக் கிறித்தவர்க்குத் தனித்தொகுதி வேண்டாம் எனக் கே. டி. பாலும் வேண்டும் என ஏ. டி. பன்னீர்செல்வமும் வாதிட்டதன் தொடர்ச்சி இது.

செங்கற்பட்டின் முன்வரலாறு

மறுசிந்தனைக் குழுவினர் பெரும்பாலும் கற்ற நகர்ப்புறத்தார். அவர்கள் விமரிசனத்திலும் போதிய இடம்பெறாத ஒரு வரலாறு மாநாட்டு வளாகத்தைச் சுற்றிய ஊர்களிலேயே இருந்தது.

1880-களின் இறுதியில், ஸ்காட்லாந்து சுயாதீனத் திருச்சபையின் ஆடம் ஆண்ட்ரூ செங்கற்பட்டிலும், வெசுலியன் மிஷனைச் சார்ந்த வில்லியம் கௌடி திருவள்ளூரிலும் பறையர் படியாட்களிடையே பணியாற்றினர். ஊர்த் தரிசு நிலத்தின்மீது மிராசுதார்க்கே முன்னுரிமை இருந்தது. சேரி மனைக்கட்டும் அவர்கள் பிடியில் இருந்தது. எதிர்த்துப் பேசிய படியாள் வேலையோடு குடிசையையும் இழக்கலாம். மனம் மாற்ற வந்த மிஷனரிகள் இங்குப் பட்டா, மனை, தரிசு என்ற வருவாய்த்துறைச் சொற்களைக் கற்க நேர்ந்தது. அவர்கள் எழுப்பிய குரலின் பின்னணியில் மாவட்ட ஆட்சியர் திரமென்கீர் 1891-இல் பறையர் நிலை பற்றிய அறிக்கையை அளித்தார். 1892 செப்டம்பர் 30-ஆம் நாளிட்ட அரசாணைகள் 1010, 1010-ஏ அதனைத் தொடர்ந்தன. பஞ்சமி நிலம் என்று இன்று வழங்கப்படுவதன் தொடக்கம் இங்கேதான். மிஷனரிகளுக்குத் திருச்சபை வளர்ச்சியில் நாட்டம் இருந்ததும், அரசு அவர்களை எச்சரிக்கையோடு அணுகியதும் உண்மையே. ஆயினும் நிலமே உரிமையின் அடிப்படை என்ற தெளிவு அவ்வாவணங்களில் உண்டு.

ஆண்ட்ரூவைச் செங்கற்பட்டுக்கு அனுப்பிய அதே ஸ்காட்லாந்து மிஷன்தான் கிறித்தவக் கல்லூரியையும் நடத்தியது. 1862-இல் சென்னை வந்த வில்லியம் மில்லர் அக்கல்லூரிக்கு முற்றிலும் வேறான நெறியை அளித்தார். உயர்வகுப்பு மாணவரிடையே கிறித்தவச் சிந்தனை கல்வி வழியே பரவுதல் போதும். உடனடி மதமாற்றம் கல்லூரியின் இலக்கன்று என்பது அவர் கொள்கை. ஆக, ஒரே மிஷனுக்கு நகரில் ஒரு முகமும் சேரியில் மற்றொரு முகமும் இருந்தன.

1938 பட்டியலில் சொத்து வைத்திருக்கும் உரிமை திருச்சபைக்கு உண்டு. அதில் சேரும் படியாளின் நிலவுரிமை அங்கு இல்லை. சிற்றூர்க் கிறித்தவரின் பொருளாதாரம் ஐந்தாம் தொகுதியில் விரிவாக ஆராயப்பட்டது என்பதையும் கூற வேண்டும். ஆனால் அத்தொகுதியின் தலைப்பே திருச்சபையின் பொருளாதார அடிப்படை என்பதாகும். வறுமை அங்குப் பெரிதும் சபையின் தற்சார்புக்குரிய சிக்கலாகவே நோக்கப்பட்டது. நம்பிக்கையிலிருந்து குடியுரிமைக்கு நேரே செல்லும் வழியைத் தாம்பரம் வந்தவர்களுள் பின்னர்த் தெளிவாகக் காட்டியவர் லுதுலி. ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரசை விட்டு விலக மறுத்ததால் 1952-இல் தம் குலத்தலைவர் பதவியை இழந்தவர் அவர். 1960-ஆம் ஆண்டுக்கான அமைதி நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.

1948 டிசம்பரும் பின்னும்

போருக்குப்பின் திருச்சபைகளின் அனைத்துலக விவகார ஆணையம் 1946-இல் அமைந்தது. அதன் சார்பில் ஃபிரெடரிக் நோல்டே ஐ.நா. அவையில் வாதிட்டார். ஆக்ஸ்போர்டிலும் தாம்பரத்திலும் உருவான சிந்தனை அவர்க்குக் கிடைத்த முதல். 1948 டிசம்பர் 10-இல் ஏற்கப்பட்ட மனித உரிமைப் பேரறிக்கையின் 18-ஆம் பிரிவு, சமயத்தை மாற்றிக்கொள்ளும் உரிமையையும் உள்ளடக்கியது. அங்கு உரிமை பெறுபவர் ஒவ்வொரு மனிதரும் ஆவார். நிறுவனத்திலிருந்து மனிதருக்கு ஓர் அடி நகர்ந்த நிலை அது.

அதற்கு நான்கு நாள் முன்னர், டிசம்பர் 6-இல், இந்திய அரசியல் நிர்ணய அவை சமயத்தைப் பரப்பும் உரிமையை விவாதித்தது. இன்றைய 25-ஆம் பிரிவு அதுவே. பரப்புதல் என்னும் சொல்லை நீக்கக் கோரியோர்க்கு மறுமொழி கூறியவர்களுள் ஒருவர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி, சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் பழைய மாணவர். கிறித்தவ நிறுவனங்களில் பதினான்கு ஆண்டு பயின்றும் தம்மை மதம் மாற்ற எவரும் முயன்றதில்லை என்றார். தாழ்த்தப்பட்டோர் பலரைக் கிறித்தவத்தின்பால் ஈர்த்தது அது அளித்த சமூக மதிப்பே என்பதையும் சுட்டினார். முதற்சான்று மில்லரின் கல்லூரிக்கு உரியது. இரண்டாவது ஆண்ட்ரூவும் கௌடியும் உழைத்த சேரிகளுக்கு உரியது. மாநாட்டு ஆவணங்களில் ஒன்றுசேராத இரு மரபுகள், கிறித்தவர் அல்லாத ஒருவரின் உரையில் ஒன்றுசேர்ந்தன.

சொல் நிலைத்தது. ஆனால் 1950 ஆகஸ்டில் வெளியான பட்டியல் சாதிகள் ஆணை, இந்து அல்லாத சமயத்தைப் பின்பற்றுவோரைப் பட்டியலிலிருந்து விலக்கியது. சீக்கியர் 1956-இலும் பௌத்தர் 1990-இலும் சேர்க்கப்பட்டனர், கிறித்தவர் சேர்க்கப்படவில்லை. மதம் மாறியோர்க்குத் திருச்சபைக்குள்ளும் சாதி தொடர்ந்தது என்பதும் மறைக்கத்தக்கதன்று.

சென்னைச் சாலையோரத்தில் செருப்புத் தைத்து வாழ்ந்த ஆதிதிராவிடக் கிறித்தவரான சூசை, இவ்வாணையை உச்ச நீதிமன்றத்தில் எதிர்த்தார். அரசு தொழிலாளர்க்கு இலவசமாக வழங்கிய கடைப்பெட்டி, அதே வேலை செய்த இந்துக்களுக்குக் கிடைத்தது, அவர்க்குக் கிடைக்கவில்லை. மதம் மாறியபின் சாதி தொடர்வதை மட்டும் காட்டினால் போதாது, அதனால் விளையும் இழிவும் வறுமையும் இந்து சமூகத்தில் இருந்த அளவுக்கே புதிய சமூகத்திலும் கடுமையாக உள்ளன என நிறுவ வேண்டும் என்று கூறி 1985-இல் நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. அச்சான்றுகளைத் திரட்டி ஆராய்வதற்கான ஆணையம் கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் 2022 அக்டோபரில்தான் நடுவணரசால் அமைக்கப்பட்டது.