கலையாத மண்ணைத் தேடிய கதை

எங்கள் ஊர் திருமயத்தில் 1687-இல் கிழவன் சேதுபதி கட்டிய கோட்டை பாறைமேல் நிற்கிறது. பாறையில் ஒரு துண்டு வெட்டி எடுத்தாலும் அது பாறைதான். சென்னை எண்ணூர்ப் பக்கத்துக் கடல்களி அப்படியில்லை. மாதிரி எடுக்கக் குழாயை இறக்கும்போதே கலைஞ்சு போகும்.

களிமண்ணின் உள்ளமைப்பு குலைந்தால் அதன் குணமே மாறிவிடும் என்பதை 1932-இல் ஆர்தர் காசகிராண்டே விளக்கினார். 1949-இல் ஹ்வோர்ஸ்லெவ் என்ற டென்மார்க்காரர் அமெரிக்காவில் வெளியிட்ட பெரிய அறிக்கை, குழாயின் தடிமனுக்கே கணக்குச் சொன்னது. குழாய்ச்சுவரின் குறுக்குப்பரப்பு, உள்ளே வரும் மண்ணின் பரப்பில் சுமார் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். உள்விட்டம் 100 மி.மீ., சுவர் 2 மி.மீ. என்றால் 8 சதவீதம். சுவர் 6 மி.மீ. ஆனால் 25 சதவீதம்! நம் நாட்டிலும் மெல்லிய சுவர்க் குழாய்க்கென்றே ஐ.எஸ். 2132 இருக்கிறது.

"கலைந்த மண் பலத்தைக் குறைச்சுத்தானே காட்டும்? அது நல்லதுதானே சார்?" என்று படிக்கிற தம்பி தங்கைகள் கேட்பதுண்டு. பாதிதான் சரி. கலைந்த மாதிரியில் அமுக்க வளைகோடும் தட்டையாகிவிடும். கட்டடம் எவ்வளவு அமிழும் என்ற கணக்கு குறைவாக வரலாம். ஆபத்து அங்கேதான்.

அதனால் சைட்டுக்குப் போனால் நான் ரிப்போர்ட்டுக்கு முன்னால் குழாயைத்தான் பார்ப்பேன். நுனி நசுங்கியிருக்கா, இரண்டு முனையிலும் மெழுகு அடைச்சிருக்கா? நீங்களும் பாருங்கள். குழாயிலேயே கெட்ட மண்ணை எந்த ஆய்வகமும் திருத்தித் தராது.