கடுக்காயின் வீரியம்

கடுக்காய்ப் பொடியை இன்று பலர் உணவுக்கணக்கில் சேர்த்துவிட்டார்கள். இயற்கையானது, பக்கவிளைவு கிடையாது, யாரும் தினமும் ஒரு கரண்டி சாப்பிடலாம் என்கிறார்கள். அதற்கு மரபைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். மரபோ வேறு கதை சொல்கிறது. கடுக்காயோடு அன்றாடம் புழங்கியவர்கள் வைத்தியர்கள் மட்டுமல்லர், சாயக்காரர்களும் தோல் பதனிடுவோரும்கூட. மூன்று தரப்பாருமே அதை வீரியமுள்ள சரக்காகத்தான் கையாண்டார்கள்.

சோழமண்டலக் கரையின் சித்திரத் துணிகளை ஐரோப்பா விரும்பி வாங்கிய காலத்தில், அந்தச் சாயவேலையின் நுட்பத்தை கேர்தூ என்னும் பிரெஞ்சு ஏசுசபைப் பாதிரியார் 1742-இல் ஒரு கடிதமாக எழுதி அனுப்பினார். அரைத்த கடுக்காயை எருமைப்பாலில் கலந்து துணியை ஊறவைப்பது அதில் முதற்படிகளுள் ஒன்று. பாலின் கொழுப்பு, வரையும் சாயம் துணியில் பரவாமல் தடுக்கும். கடுக்காயின் வேலை வேறு. துருவேறிய இரும்பையும் வெல்லத்தையும் நீரில் ஊறப்போட்டு எடுத்த சாறு பார்வைக்கு வெளிறியிருக்கும். கடுக்காய் ஏறிய துணியில் அதைத் தொட்டு வரைந்தால் கோடு கறுக்கும். பழத்திலுள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் இரும்பைப் பற்றிக்கொள்வதால் வரும் கறுப்பு அது. துவைத்தாலும் லேசில் போகாது.

உலர்ந்த கடுக்காயின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு டானின்தான். அது புரதத்தையும் பற்றும். வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் மண்டிகளுக்குக் கடுக்காய் மூட்டை மூட்டையாகப் போனதற்குக் காரணம் அதுவே. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் வெயில் பட்டால் சிவந்துவிடும்; அதைத் தடுக்கக் கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் போட்டெடுத்தார்கள். கடுக்காயைக் கடித்ததும் நாக்கு வறண்டு இழுப்பதும் இதே வேலைதான்: எச்சிலின் புரதத்தை டானின் பிடித்துக்கொள்கிறது.

தோலுக்கும் துணிக்கும் பொருந்துவது உடம்புக்குப் பொருந்துமா, தேநீரிலும்தான் டானின் இருக்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதனிடும் தொட்டியில் கிடப்பது உயிரற்ற தோல்; அதை வைத்து வயிறு கெடும் என்று முடிவுகட்ட முடியாது. ஆனால் கடுக்காய் இரும்பை விடாமல் பற்றும் என்பது உறுதி. தேநீரின் டானின் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கிறது என்பதும் நிறுவப்பட்ட செய்தி. தேநீரை விடப் பலமடங்கு துவர்ப்புள்ள பழத்துக்கு மட்டும் விலக்களிக்கக் காரணம் தெரியவில்லை.

இதற்கு மறுப்பு வைத்தியத்துக்குள்ளேயே உண்டு. ரத்தசோகைக்கு ஆயுர்வேதம் தரும் நவாயச சூரணத்தில் இரும்புப் பற்பமும், கடுக்காய் அடங்கிய திரிபலையும் ஒன்றாகவே சேர்கின்றன. அப்படியிருக்க இரும்புக்குக் கடுக்காய் ஆகாது என்பது எப்படி? அந்தச் சூரணத்தில் எது எவ்வளவு என்பது கட்டுப்பட்டது, நெல்லிக்காயும் உண்டு, நோயைப் பார்த்து வைத்தியர் தருவது. அதைக் காட்டி, வெறும் கடுக்காய்ப் பொடியைக் கணக்கில்லாமல் விழுங்குவதை நியாயப்படுத்த முடியாது.

பக்குவத்தில் பழைய வைத்தியர்கள் காட்டிய கறார் வியப்பானது. பதினாறாம் நூற்றாண்டில் பாவமிசிரர் இயற்றிய பாவப்பிரகாசத்தின்படி, மென்று தின்றால் பசி கூடும். அரைத்துச் சாப்பிட்டால் மலம் இளகும். வேகவைத்தால் அதே கடுக்காய் மலத்தைக் கட்டும். பேதிக்கும் மலச்சிக்கலுக்கும் ஒரே காயா என்று சிரிப்பவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிப்பதில்லை. மழைக்காலத்தில் இந்துப்போடு, கோடையில் வெல்லத்தோடு என்று பருவத்துக்கொரு துணைச்சரக்கும் உண்டு. சித்த வைத்தியத்தில் கொட்டையை நீக்கித் தோலை மட்டும் எடுப்பதே சுத்தி. யாருக்கு ஆகாது என்றும் பாவமிசிரர் வெளிப்படையாகச் சொல்கிறார்: கர்ப்பிணிகள், உடல் மெலிந்தவர்கள், பட்டினியால் வாடியவர்கள், பித்தம் மிகுந்தவர்கள், ரத்தம் இழந்தவர்கள். இப்பட்டியலில் பலர் ரத்தசோகைக்கு அருகில் நிற்பவர்கள்.

ஆயிரம் ஆண்டுகளாகத் தின்கிறோமே, யாருக்கு என்ன ஆயிற்று என்பது கடைசி வாதம். மெதுவாகக் குறையும் இரும்புச்சத்தை அளக்க அன்று வழியே இல்லை. சோர்வும் வெளிறலும் கடுக்காயின் கணக்கில் எழுதப்பட்டிருக்க வாய்ப்பில்லை. நன்மைகளை மறுக்க வேண்டியதில்லை. ஆய்வுக்கூடத்திலும் எலிகளிடத்திலும் சர்க்கரையைக் குறைத்ததாக, கிருமியை அடக்கியதாக ஆய்வுகள் வந்திருக்கின்றன; மனிதர்களிடம் நடந்தவை குறைவு, சிறியவை. ஆனாலும் சர்க்கரையைக் குறைக்கக்கூடும் என்பதே, சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் கூடுதலாக எச்சரிக்கையோடிருக்கப் போதிய காரணம். இரும்புச்சத்து மாத்திரை எழுதித் தரும்போது தேநீரோடு விழுங்காதீர்கள் என்று சொல்லும் மருத்துவர்கள், கடுக்காயோ திரிபலையோ சாப்பிடுகிறீர்களா என்றும் சேர்த்துக் கேட்கலாம்.