யாரிடம் கேட்பது? ஸகாத் சேகரிப்பும் தரவுகளும்

ரமழான் பிறந்ததும் நமது பள்ளிவாசல்களில் ஸகாத் குழுக்கள் கூடும். சென்ற வருடம் போன வீடுகளுக்கே இந்த வருடமும் போவோம். கடைத்தெருவில் பெரிய பெயர்ப்பலகை வைத்தவர், புதிதாக மாடி கட்டியவர், மகனை வெளிநாட்டுக்கு அனுப்பியவர் என்று கண்ணில் படுவதை வைத்தே தனவந்தர் பட்டியல் தயாராகும். ஆலையடிவேம்புக்கு அயலில் அப்படியொரு குழுவில் சில வருடங்கள் இருந்தவன் என்ற வகையில் இதை எழுதுகிறேன்.

நன்கொடையாளரை இனங்காண்பது இன்று உலகில் தனியொரு துறை. அது மூன்று கேள்விகளைக் கேட்கிறது. கொடுக்கும் வசதி இருக்கிறதா? அந்தப் பணியில் ஈடுபாடு இருக்கிறதா? கொடுக்கும் பழக்கம் இருக்கிறதா? நாம் முதற்கேள்வியோடு நின்றுவிடுகிறோம். ஆனால் அடுத்த முறை யார் கொடுப்பார் என்பதை அதிகம் சொல்வது மூன்றாவது கேள்விதான். கடைசியாக எப்போது கொடுத்தார், எத்தனை தடவை கொடுத்தார், எவ்வளவு கொடுத்தார் என்ற மூன்று விபரங்களும் பற்றுச்சீட்டுப் புத்தகங்களின் அடிக்கட்டைகளிலேயே கிடக்கின்றன.

அலுமாரியில் கிடந்த அந்தப் புத்தகங்களை நாங்கள் எக்செல்லில் பதிந்து பார்த்தோம். ஒரு வருடமும் தவறாமல் சிறுதொகை கொடுத்தவர்கள் பலர் இருந்தார்கள். அவர்களுக்கு ஒரு நன்றிகூட நாங்கள் சொன்னதில்லை. ஒரு வீதியில் மட்டும் எல்லோருமே ஒரே வருடத்தில் நின்றிருந்தார்கள். விசாரித்தால், அங்கு வசூலுக்குப் போனவர் வபாத்தாகியிருந்தார். அவருக்குப் பின் யாருமே போகவில்லை! கொடுப்பவர்கள் அங்கேயே இருந்தார்கள், கேட்பதற்குத்தான் ஆளில்லை.

அம்பாறை மாவட்டத்தில் வயலும் ஒரு முக்கிய தரவு. நெல்லுக்கான ஸகாத் அறுவடையோடு கடமையாகிறது (6:141). மழையை நம்பிய விளைச்சலில் 10 சதவீதம், செலவு செய்து நீர் பாய்ச்சியதில் 5 சதவீதம். ரமழானோ ஒவ்வொரு வருடமும் சுமார் 11 நாட்கள் முன்னால் நகர்கிறது. ஆகவே ரமழானில் மட்டும் கதவைத் தட்டும் குழு, பெரும்போகத்தையும் சிறுபோகத்தையும் தவறவிடுகிறது. எந்த வட்டையில் எப்போது அறுவடை என்று ஒரு நாட்காட்டி இருந்தாலே போதும். மாதச் சம்பளக்காரர்களுக்கு வேறு வழியுண்டு. 1991இல் கோலாலம்பூரில் தொடங்கிய ஸகாத் சேகரிப்பு நிலையம், சம்பளத்திலிருந்தே மாதாமாதம் கழிக்கும் வசதியைச் செய்துகொடுத்திருக்கிறது.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. பிரித்தானியாவில் 2016 டிசம்பரில் இரண்டு பெரிய தொண்டு நிறுவனங்களுக்குத் தகவல் ஆணையாளர் அபராதம் விதித்தார். ஒன்றுக்கு 25,000 பவுண், மற்றதற்கு 18,000 பவுண். நன்கொடையாளருக்குத் தெரியாமலே அவர்களது செல்வ நிலையை ஆராய்ந்ததும் அக்குற்றங்களில் ஒன்று. 2017 ஏப்ரலில் மேலும் 11 நிறுவனங்கள் அபராதம் கட்டின. நமது நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டிருக்கிறது. அதற்கெல்லாம் முன்பே, பிறரைத் துருவித் துருவி ஆராய்வதை அல்குர்ஆன் தடுத்துவிட்டது (49:12).

நாங்களும் சறுக்கினோம். ஊகத்தில் எழுதிய ஒரு 'வசதியானோர் பட்டியல்' வட்ஸ்அப்பில் கைமாறிவிட்டது. அதில் இருந்த ஒரு வியாபாரி அப்போது கடனில் மூழ்கியிருந்தார். ஸகாத் கொடுக்க வேண்டியவர் என்று நாங்கள் எழுதியவர், உண்மையில் கடனாளி என்ற வகையில் அதைப் பெறத் தகுதியான நிலையில் இருந்தார் (9:60). அவரது முகத்தைப் பார்க்க இன்றும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அதன்பின் சில விதிகளை வைத்துக்கொண்டோம். மக்கள் எங்களிடம் தந்த விபரத்தை மட்டும் பதிவது, ஊகத்தை எழுதுவதில்லை. பதிவேடு இரண்டு பேரின் பொறுப்பில் மட்டும் இருக்கும். தன் பெயரை நீக்கச் சொன்னால் நீக்குவது. தொகையோடு பெயரை வாசிப்பதில்லை. வசூலித்ததும் பகிர்ந்ததும் மொத்தக் கணக்காக ஜும்ஆவுக்குப் பின் அறிவிக்கப்படும்.

இவற்றில் கடைசி விதிதான் எங்களுக்கு அதிகம் கைகொடுத்தது. கணக்கைக் கேட்டபின் தாமாகவே தேடி வந்தவர்கள் உண்டு. அவர்களில் சிலர் எங்கள் எந்தப் பட்டியலிலும் இருந்ததில்லை.

உங்கள் மஹல்லாவிலும் பழைய பற்றுச்சீட்டுப் புத்தகங்கள் இருக்கும். அடுத்த ரமழானுக்கு முன் அவற்றைத் திறந்து பாருங்கள்.