தனி மருந்துக்கடைகளில் செயற்கை நுண்ணறிவு: ஹைதராபாத்

சங்கிலி நிறுவனம் எதிலும் சேராமல், உரிமையாளரோ அவர் குடும்பத்தாரோ நேரில் நடத்தும் சில்லறை மருந்துக்கடைகளில் செயற்கை நுண்ணறிவு மென்பொருளை எந்த வேலைக்கு, எந்த வரம்புக்குள், யார் பொறுப்பில் பயன்படுத்தலாம் என்பதே இக்கட்டுரையின் பொருள். மருந்துச் சீட்டைப் படித்தல், ஒன்றோடொன்று ஒவ்வாத மருந்துகளைக் கண்டு எச்சரித்தல், எவ்வளவு சரக்கு வாங்குவது என்று கணித்தல், நோயாளியின் மொழியில் குறிப்பு எழுதித் தருதல் ஆகிய வேலைகள் இதில் அடங்கும். மருந்துக்கடையை ஆளும் இந்தியச் சட்டங்கள் கடைகளில் கணினி இல்லாத காலத்தில் எழுதப்பட்டவை. ஆனாலும் இன்று எழும் கேள்விகளில் பலவற்றுக்கு அவற்றிலேயே பதில் இருக்கிறது.

பின்னணி

ஹைதராபாத் மருந்து தயாரிக்கும் நகரம். 1961இல் உருவான பொதுத்துறை நிறுவனமான ஐடிபிஎல், பாலாநகரில் ஆலை அமைத்தது. அங்கே வேலை கற்றவர்கள் பின்னர் தனியார் ஆலைகளைத் தொடங்கினார்கள். 1984இல் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனத்தைத் தொடங்கிய கே. அஞ்சி ரெட்டியும் ஐடிபிஎல்லில் வேலை பார்த்தவர்தான். ஆலையிலிருந்து நோயாளியின் கைக்கு மருந்து போகும் வழியோ பழைய மாதிரியிலேயே இருக்கிறது: கோட்டி வட்டாரத்து இந்தர்பாக் மொத்த வியாபாரிகள், பேட்டைக்கொரு ஸ்டாக்கிஸ்ட், தெருவுக்கு ஓரிரண்டு மெடிக்கல் ஷாப்.

இந்தக் கடைகளுக்குப் போட்டியும் ஹைதராபாத்திலேயே பிறந்தது. 2006இல் இங்கே தொடங்கிய மெட்பிளஸ் 2021 டிசம்பரில் பங்குச்சந்தைக்கு வந்தது. இன்று அதற்கு 4,000க்கும் மேற்பட்ட கடைகள் உண்டு. சென்னையில் வேர்கொண்ட அப்போலோ பார்மசி அதைவிடப் பெரியது. இணையவழி விற்பனை மூன்றாவது நெருக்கடி. அதை எதிர்த்துத் தமிழ்நாட்டு மருந்து வணிகர்கள் தொடுத்த வழக்கில் 2018 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி தடை விதித்ததும், அடுத்த மாதமே டிவிஷன் பெஞ்ச் அந்த உத்தரவை நிறுத்திவைத்ததும் வாசகர்களுக்கு நினைவிருக்கலாம்.

சங்கிலி நிறுவனத்திடம் எல்லாக் கிளைகளின் விற்பனை விவரமும் ஒரே இடத்தில் குவிகிறது. தனிக்கடைக்காரரிடம் இருப்பது பில் போடும் ஒரு மென்பொருளும் தன் ஞாபகமும்தான். அவர் செயற்கை நுண்ணறிவைத் தேடிப் போய் வாங்குவதும் அரிது. பில்லிங் மென்பொருளின் அடுத்த பதிப்போடு அது தானாக வந்து சேரும். இல்லாவிட்டால், கவுண்டரில் நிற்கும் பையன் சீட்டைப் போனில் படமெடுத்து ஏதோ ஒரு சாட்பாட்டிடம் கேட்பான். இந்த இரண்டாவது வழியில் நுழைவதற்கு உரிமையாளரின் அனுமதிகூடத் தேவைப்படுவதில்லை.

கையெழுத்துச் சிக்கல்

டாக்டர் கையெழுத்து நகைச்சுவைத் துணுக்குகளுக்கு மட்டுமுரிய விஷயமல்ல. தெலங்கானாவின் நல்கொண்டாவில் மருந்துக்கடை நடத்தும் ஒருவர், தவறான ஊசியால் ஒரு குழந்தை இறந்த செய்தியைப் படித்துவிட்டு, 2014இல் ஹைதராபாத் உயர் நீதிமன்றத்தில் பொதுநல மனுத் தாக்கல் செய்தார். கையால் சீட்டு எழுதுவதையே ஒழிக்க வேண்டும் என்பது அவர் கோரிக்கை. மருந்தின் மூலப்பெயரைத் தெளிவாகவும், கூடுமானவரை ஆங்கிலப் பெரிய எழுத்துகளிலும் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016இல் விதியைத் திருத்தியது. நடைமுறை பெரிதாக மாறவில்லை. புரியும்படியான மருந்துச் சீட்டைப் பெறுவது அடிப்படை உரிமையில் அடங்கும் என்று பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் 2025இல் சொல்ல வேண்டியிருந்தது.

இதற்கு இயந்திரத்தின் துணையைத் தேடும் முயற்சிகளும் உண்டு. மருந்தாளுநர்களோடு சேர்ந்து, சீட்டுக் கையெழுத்தைப் படிக்கும் மாதிரியை உருவாக்கிவருவதாகக் கூகுள் 2022 டிசம்பரில் இந்தியாவில் அறிவித்தது. இந்திய மொழிக் கையெழுத்துகளை இயந்திரத்துக்குப் படிக்கக் கற்பிக்கும் ஆராய்ச்சி ஹைதராபாத் ஐஐஐடியில் பல ஆண்டுகளாக நடந்துவருகிறது.

இத்தகைய மென்பொருள் தவறும் விதத்தைத்தான் கடைக்காரர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய எழுத்துணரி மென்பொருளுக்கு ஒரு சொல் புரியாவிட்டால் அது பொருளற்ற எழுத்துக் குவியலைக் கொட்டும். பார்த்தவுடனே பிழையென்று தெரிந்துவிடும். மொழி மாதிரி அப்படியல்ல. புரியாத இடத்தை அங்கே வரக்கூடிய சொல்லால் நிரப்பி, முழுமையான, அழகான ஒரு மருந்துப் பெயரைத் தந்துவிடும். அந்தப் பெயரில் மருந்து உண்மையிலேயே இருக்கும். அலமாரியில் ஸ்டாக்கும் இருக்கும். டாக்டர் எழுதியது மட்டும் வேறாக இருக்கும்.

இந்தியச் சந்தையில் இந்த ஆபத்து அதிகம். ஃபால்சிகோ, ஃபால்சிடாப் என்ற இரண்டு மலேரியா மருந்துகளின் பெயர் ஒற்றுமை பற்றிய வழக்கில், மருந்துப் பெயர்களுக்கு மற்றப் பொருள்களைவிடக் கடுமையான அளவுகோல் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001இலேயே தீர்ப்பளித்தது. ஏற்கெனவே இருக்கும் பிராண்டுப் பெயரை வைக்கவில்லை என்று உறுதிமொழி தரும் விதி 2019இல்தான் வந்தது. பிராண்டை விட்டு மூலப்பெயருக்குப் போனாலும் தப்ப முடியாது. நீரிழிவுக்கான மெட்ஃபார்மினும் கிருமித்தொற்றுக்கான மெட்ரோனிடசோலும் ஆங்கிலத்தில் ஒரே மூன்று எழுத்துகளில் தொடங்குகின்றன. இரண்டிலும் 500 மில்லிகிராம் மாத்திரை உண்டு. கணினித் திரையில் முதல் எழுத்துகளைத் தட்டி, பட்டியலில் தவறான வரியைத் தேர்ந்த சம்பவங்கள் மேலைநாடுகளில் பதிவாகியுள்ளன.

ஆகவே சீட்டைப் படிக்கும் கருவி ஒரே விடையைத் தருவதைவிட இரண்டு மூன்று பெயர்களை அருகருகே காட்டுவது நல்லது. ஐயம் இருந்தால் டாக்டருக்குப் போன் போடச் சொல்வது அதைவிட நல்லது. விற்பனைக்கு வரும் மென்பொருள்கள் வேகத்தைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கின்றன. மருந்து எடுத்துக் கொடுக்கும் இடத்தில் ஒரு கணம் தயங்க வைக்கும் கருவிக்குத்தான் மதிப்பு அதிகம் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

சட்டம் வைக்கும் எல்லை

1945ஆம் ஆண்டின் மருந்து, அழகுசாதன விதிகளில் 65ஆம் விதி இங்கே முக்கியமானது. டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுப்பதைப் பதிவுபெற்ற மருந்தாளுநர் தானே செய்ய வேண்டும், அல்லது அவருடைய நேரடி மேற்பார்வையில் நடக்க வேண்டும். டாக்டர் சீட்டுக்கு மட்டுமே விற்கத்தக்க எச், எக்ஸ் அட்டவணை மருந்துகளில் சீட்டில் எழுதியதற்குப் பதிலாக வேறொன்றைக் கொடுக்கக் கூடாது. அதே மூலப்பொருள் கொண்ட இன்னொரு பிராண்டுக்கும் இந்தத் தடை பொருந்தும். ‘இது ஸ்டாக் இல்லை, இதைக் கொடுங்கள்’ என்று மாற்று மருந்தை முன்வைக்கும் வசதி பல மென்பொருள்களில் உண்டு. அந்தப் பரிந்துரையை அப்படியே பின்பற்றுகிற கடை விதியை மீறுகிறது. ‘கம்ப்யூட்டர் சொன்னது’ என்ற பதில் மருந்து ஆய்வாளரிடம் செல்லாது.

நடைமுறையில் இந்தியா முழுவதும் உள்ள ஒரு நோயையும் சொல்லியாக வேண்டும். சான்றிதழ் ஒருவருடையது, சுவரில் சட்டமிட்டு மாட்டப்பட்டிருக்கும். கவுண்டரில் நிற்பவர் வேறொருவர். சான்றிதழுக்கு மாத வாடகை போகும். மருந்தாளுநர் இருக்கும் கடையில் செயற்கை நுண்ணறிவு அவருக்கு இரண்டாவது கண்ணாக உதவும். இல்லாத கடையில் அவர் இல்லாத குறையை மறைக்கும் திரையாகிவிடும். பொறுப்பான பயன்பாடு பற்றிய கேள்வி மென்பொருளைத் தேர்வதற்கு முன்பே, அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதில் தொடங்குகிறது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2023ஆம் ஆண்டு நெறிமுறைகளும் இறுதி முடிவு மனிதரிடமே இருக்க வேண்டும் என்கின்றன. மனிதர் கடையில் இருப்பார் என்று அவை முன்கூட்டியே வைத்துக்கொண்டுவிட்டன.

உண்மையில் உதவும் இடம்

ஒருவர் இதய மருத்துவரிடம் வார்ஃபரின் வாங்கிச் சாப்பிட்டுவருகிறார். பல்வலி வந்து வேறொரு டாக்டரிடம் போகிறார். அவர் மெட்ரோனிடசோல் எழுதுகிறார். இரண்டும் சேர்ந்தால் இரத்தக்கசிவு ஆபத்து கூடும். இரு டாக்டர்களுக்கும் மற்றவரின் சீட்டு தெரியாது. இரண்டு சீட்டும் ஒரே கையில் வந்து சேரும் இடம் தெருமுனை மெடிக்கல்தான். அங்கே பழைய பில்லோடு புதிய சீட்டை ஒப்பிட்டு எச்சரிக்கும் மென்பொருள் உயிர்காக்கும். வாரம் ஒரு முறை சாப்பிட வேண்டிய மெத்தோட்ரெக்சேட்டைத் தினமும் சாப்பிட்டு இறந்தவர்கள் பல நாடுகளில் உண்டு. அந்த மருந்து பில்லாகும்போது திரையைச் சிவப்பாக்குவதற்குப் பெரிய நுண்ணறிவுகூடத் தேவையில்லை. ஆனால் எச்சரிக்கை எதற்கெடுத்தாலும் வந்துகொண்டிருந்தால் யாரும் அதைப் படிக்க மாட்டார்கள். எந்த எச்சரிக்கைகளை வைத்துக்கொள்வது, எவற்றை அணைப்பது என்று மருந்தாளுநரே தீர்மானிக்கும் வசதி இருக்க வேண்டும்.

பேட்ச் எண்ணையும் காலாவதித் தேதியையும் கண்காணிப்பது பெரும்பாலும் தீங்கற்ற வேலை. 300 முன்னணி பிராண்டுகளுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் கியூஆர் குறியீடு கட்டாயமாக்கப்பட்டிருப்பதால் இது எளிதாகியும் இருக்கிறது.

சரக்குக் கணிப்பும் அப்படித் தீங்கற்றதாகத்தான் தோன்றும். போன மாதம் விற்றதைப் பார்த்து அடுத்த மாதத் தேவையைச் சொல்கிறது, அவ்வளவுதானே? ஆனால் போன மாதம் விற்றதில் சீட்டில்லாமல் கொடுத்த ஆன்டிபயாடிக்கும் சேர்ந்திருந்தால் அதையும் ‘தேவை’ என்றே மாதிரி கற்றுக்கொள்ளும். இன்னும் வாங்கிவைக்கச் சொல்லும். 2014 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ள எச்1 அட்டவணை, பல ஆன்டிபயாடிக்குகளையும் பழக்கமாகும் மருந்துகளையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது. அல்பிரசோலமும் அதில் உண்டு. தெலங்கானாவில் கலப்படக் கள்ளில் அது பிடிபடுவதால் இங்கே அதற்குத் தனி முக்கியத்துவம். விற்பனைக் கணக்கை எச்1 பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பொருந்தாதவற்றைக் காட்டும் மென்பொருள்தான் கடைக்குத் தேவை. கூடுதலாக விற்கத் தூண்டும் மென்பொருள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது.

மொழி

ஹைதராபாத் கவுண்டரில் தெலுங்கும் உருதுவும் இந்தியும் ஒரே மணி நேரத்தில் கேட்கும். கட்டட வேலைக்கு வந்த ஒடியா, வங்காளத் தொழிலாளர்களும் உண்டு. ‘சாப்பாட்டுக்கு முன்’, ‘பாதி மாத்திரை’, ‘மூன்று நாளில் நிறுத்துங்கள்’ என்பவற்றை அவரவர் மொழியில் அச்சிட்டுத் தர முடிந்தால் பெரிய உதவி. மத்திய அரசின் பாஷிணி திட்டம் (2022) போன்ற கருவிகள் இதற்கு வழி திறந்துள்ளன. இருந்தாலும், ஒவ்வொரு முறையும் மென்பொருளைப் புதிதாக மொழிபெயர்க்க விடுவதைவிட, மொழி தெரிந்த மருந்தாளுநர் ஒருமுறை சரிபார்த்த வாக்கியங்களிலிருந்து பொறுக்கிக் கொள்வதே பாதுகாப்பு. எழுத்தறியாதவருக்குச் சூரியன், நிலாப் படம் போட்ட உறை இன்றும் நன்றாகவே வேலை செய்கிறது.

சோதித்துப் பார்த்தல்

மயக்க மருந்தான குளோரோஃபார்ம் பாதுகாப்பானதா என்று ஆராய 1888இலும் 1889இலும் நிஜாமின் ஆதரவில் இரண்டு ஆணையங்கள் ஹைதராபாத்தில் கூடின. மருத்துவர் எட்வர்ட் லாரி முன்னின்று நடத்தினார். நிஜாமின் செலவில் லண்டனிலிருந்து மருத்துவர் லாடர் பிரண்டன் வரவழைக்கப்பட்டார். நூற்றுக்கணக்கான விலங்குகள் மீது சோதனை நடந்தது. மூச்சைக் கவனித்தால் போதும், இதயத்துக்கு நேரடி ஆபத்து இல்லை என்று உறுதியாக அறிவித்தார்கள். குளோரோஃபார்ம் இதயத்துடிப்பைக் குலைத்துத் திடீர் மரணம் விளைவிக்கும் என்று 1911இல் லெவி என்ற ஆய்வாளர் காட்டினார். சோதனைகள் ஏராளம், முடிவு தவறு.

செயற்கை நுண்ணறிவு விற்கும் நிறுவனங்கள் தரும் துல்லியக் கணக்கையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும். அமெரிக்க மருந்துப் பெயர்களிலோ, பெருநகர மருத்துவமனைச் சீட்டுகளிலோ கிடைத்த துல்லியம் ஹைதராபாத் மலக்பேட்டையில் உள்ள ஒரு கிளினிக்கின் சீட்டுக்குப் பொருந்தும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நோயாளியின் பெயரை மறைத்த தன் கடைப் பழைய சீட்டுகளைக் கொடுத்து, மருந்தாளுநர் படித்ததோடு ஒப்பிட்டுப் பார்ப்பது எந்தக் கடைக்கும் எட்டும் சோதனை. மென்பொருள் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் இதை மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.

தகவல் காப்பு

மருந்துச் சீட்டு ஒருவரின் நோயைச் சொல்லும் தாள். காசநோய், எச்ஐவி, மனநோய் மருந்துகளின் பெயரே போதும், தெருவில் பேச்சாகிவிட. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டது. உச்ச அபராதம் 250 கோடி ரூபாய். கவுண்டர் பையன் சாட்பாட்டுக்கு அனுப்பும் படம் எங்கே போய்ச் சேர்கிறது என்பது கடைக்காரருக்குத் தெரியாது. எனவே முதல் வேலை அதை நிறுத்துவது. அடுத்தது, பில்லிங் மென்பொருள் நிறுவனத்திடம் விற்பனைத் தரவு யாருக்குத் தரப்படுகிறது என்று எழுத்தில் கேட்பது. எந்த டாக்டர் எந்த பிராண்டை எழுதுகிறார் என்ற விவரத்துக்கு மருந்து நிறுவனங்களிடம் நல்ல விலை உண்டு.

மருந்தால் வரும் பாதிப்பைத் தெரிவிக்க 2010இல் தொடங்கிய தேசியத் திட்டமும் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணும் உண்டு. மருந்தாளுநரும் புகார் அனுப்பலாம். மருத்துவக் கருவிகளுக்கு 2015 முதல் அதேபோல் ஒரு திட்டம் இருக்கிறது. மென்பொருளின் பிழைகளையும் இப்படிப் பதிந்துவைக்க வேண்டும். பில்லிங் மென்பொருள் தவறான மருந்தைத் திரையில் காட்டி, மருந்தாளுநர் கடைசி நொடியில் பிடித்துவிட்டால், அதை எழுதிவைக்க இப்போதைக்குக் கடையின் சொந்த நோட்டுப் புத்தகம் போதும்: தேதி, சீட்டில் இருந்த பெயர், திரையில் வந்த பெயர், பிடித்தவர் யார். அதை எச்1 பதிவேட்டின் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம்.