குலுக்கலில் கிடைத்த கூரை

நிலநடுக்கத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் நிலம் குலுங்கிய அந்தச் சில நொடிகளையே எழுதுகின்றனர். இடிபாடுகள் அகற்றப்பட்ட பின், ஒரு குடும்பம் அரசு தந்த சாவியைக் கையில் வாங்கி, தனக்கு முன்பின் அறிமுகமில்லாத ஒரு கதவைத் திறக்கும் வேளை, வரலாற்றில் ஓரிரு வரிகளோடு முடிந்துபோகிறது. நாம் இங்கு நோக்க விழைவது அந்த வேளையையே. அதற்கு ஜப்பான் நாட்டின் கோபே நகரை எடுத்துக்கொள்வோம்.

1995 ஜனவரி 17 விடியற்காலை 5.46 மணி. கடலுக்கும் மலைக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் அத்துறைமுக நகரில் மக்கள் பலர் இன்னும் உறக்கத்தில் இருந்தனர். கனத்த ஓடுகளைத் தாங்கிய பழைய மரவீடுகள் அவர்கள்மேலேயே சரிந்தன. அந்தப் பேரிடரில் மாண்டோர் 6,434 பேர். முற்றாக இடிந்த வீடுகள் ஓர் இலட்சத்துக்கும் மேல். மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் பள்ளிக்கூடங்களிலும் பொதுக் கட்டடங்களிலும் தஞ்சம் புகுந்தனர். கடுங்குளிரில், பள்ளி விளையாட்டரங்கின் பலகைத் தரையில், அட்டைப் பெட்டிகளைத் தடுப்பாக நிறுத்தி, போர்வை விரித்த இடமே ஒரு குடும்பத்தின் இல்லமாயிற்று. வாரங்கள் மாதங்களாயின.

ஜப்பானில் 1947-ஆம் ஆண்டிலேயே பேரிடர் துயர்துடைப்புச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டிருந்தது. வீடிழந்தோருக்குத் தற்காலிக வீடு கட்டித் தருவது அதன்படி அரசின் கடமை. ஹியோகோ மாநில அரசு ஏறத்தாழ ஏழே மாதங்களில் 48,300 வீடுகளை எழுப்பியது. பிப்ரவரித் தொடக்கத்திலேயே முதற்குடும்பங்கள் குடியேறின. இந்த வேகத்தை எவரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால், இடம்? நகருக்குள் வெற்றிடம் அரிது. ஆகவே கடலைத் தூர்த்து உண்டாக்கிய தீவுகளிலும், மலைக்கு அப்பாலுள்ள மேற்குப் புறநகர்களிலும் வீடுகள் வரிசை வரிசையாக எழுந்தன.

அவற்றை யாருக்கு, எப்படிப் பகிர்ந்தளிப்பது? அரசு அதிகாரிகள் இரண்டு விதிகளை வகுத்தனர். முதியோர், உடல் ஊனமுற்றோர், தனித்து நின்று பிள்ளைகளை வளர்க்கும் தாய்மார் ஆகியோருக்கு முதலிடம். எஞ்சியவற்றைத் தீர்மானிக்கக் குலுக்கல். நம் மொழியில் அதற்குத் திருவுளச்சீட்டு என்றோர் அழகிய பெயர் உண்டு. யூதாசின் இடத்திற்கு மத்தியாவைத் தெரிந்துகொள்ளத் திருத்தூதர்களும் சீட்டுத்தான் போட்டனர். சலுகைக்கும் கையூட்டுக்கும் இடமில்லாத முறை அது. எளியோருக்கு முன்னுரிமை என்பதையோ நாம் மறையுரை மேடையில் எத்தனை முறை முழங்கியிருக்கிறோம்! அந்த அதிகாரிகளின் நாற்காலியில் நம்மை அமர்த்தியிருந்தால் நாமும் இதையேதான் செய்திருப்போம். இதன் துயரமும் அங்கேதான் தொடங்குகிறது.

சாவி கிடைத்த குடும்பம் கண்டதென்ன? ஆறு பாய் விரிக்கக்கூடிய ஓர் அறை, நாலரைப் பாய் அளவில் இன்னோர் அறை. ஜப்பானியர் அறையைத் தத்தாமிப் பாயால் அளப்பது வழக்கம். சிறு அடுக்களை, குளியலறை, கழிப்பிடம். வாடகை இல்லை, மின்சாரத்திற்கும் தண்ணீருக்கும் மட்டும் கட்டணம். பள்ளித் தரையில் நூறு பேர் பார்வையில் உடைமாற்றி, உறங்கி, அழுது பழகிய ஒரு தாய்க்குச் சாத்திக்கொள்ள ஒரு கதவு கிடைப்பது சிறிய செய்தி அன்று. அந்த முதல் இரவின் நிம்மதியை நாம் ஏளனமாக நினைத்துவிடலாகாது.

நாள் செல்லச் செல்லத்தான் மற்றவை தெரிந்தன. மெல்லிய சுவர் கோடையில் அனல் கக்கியது, குளிர்காலத்தில் உறையவைத்தது. சரளைக்கல் பரப்பிய பாதையில் சக்கர நாற்காலி புதைந்தது. பழைய மருத்துவரும் பழகிய கடைத்தெருவும் நெடுந்தொலைவில் இருந்தன. பக்கத்து வீட்டார் இருமுவது சுவர் வழியே கேட்கும்; இருமுகிறவர் பெயர் தெரியாது. ஏனெனில் சீட்டு ஒவ்வொன்றும் ஒவ்வொரு தெருவிலிருந்து ஒவ்வொரு குடும்பத்தைப் பிடுங்கி வந்திருந்தது. முதலிடம் முதியோருக்கும் நோயாளருக்கும் என்றதால், தொடக்கத்தில் எழுந்த குடியிருப்புகளில் அவர்களே நிறைந்தனர். அவர்களுக்காகத் தண்ணீர் சுமந்து கொடுத்த அடுத்த வீட்டு இளைஞனோ பள்ளி அரங்கிலேயே தங்கினான், அல்லது நகரின் மறுகோடியில் வேறொரு சீட்டைப் பெற்றான். எளியோருக்கு வீடு கிடைத்தது. அவ்வெளியோரைத் தாங்கிய வலியோர் அவர்களை விட்டுப் பிரிக்கப்பட்டனர்.

'கொதொகுஷி' என்றொரு சொல் அப்போது செய்தித்தாள்களில் பரவியது. தனிமைச் சாவு என்பது அதன் பொருள். யாரும் அருகில் இல்லாமல் மூடிய கதவுக்குள் இறந்து, சிலர் பல நாள் கழித்தே கண்டெடுக்கப்பட்டனர். தற்காலிக வீடுகளில் இவ்வாறு இறந்தோர் 233 பேர் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. இவர்களுள் பெண்களைவிட ஆண்களே மிகுதி. வேலையும் மனைவியும் வீடும் இழந்து, குடியில் விழுந்த நடுவயதினரும் அவர்களுள் இருந்தனர். முதியோரை எண்ணி வகுத்த பட்டியலில் இவர்களுக்கு இடமே இல்லை.

இதைக் கண்டு வாளாவிருக்காதவர்களும் இருந்தனர். குரோதா ஹிரோகோ என்னும் செவிலியர் மருத்துவமனைப் பணியைத் துறந்தார். 1,060 வீடுகள் கொண்ட ஒரு பெருங்குடியிருப்பின் நடுவே தோழர்களுடன் கூடாரம் அடித்துத் தங்கி, இரவு பகல் பாராது வீடு வீடாகக் கதவைத் தட்டினார். யோவான் தம் நற்செய்தியின் தொடக்கத்தில் வாக்கு மனுவுருவானதைச் சொல்லக் கூடாரம் அடித்தல் என்னும் பொருள் தரும் கிரேக்கச் சொல்லையே ஆள்கிறார் என்று குருமடத்தில் படித்தோம். அப்பாடத்தின் பொருளை இச்செவிலியரின் கூடாரம் விரிவுரைகளைவிடத் தெளிவாக விளக்குகிறது.

இனி, நகரை விட்டு நகர மறுத்தவர்களைப் பற்றி ஒரு சொல். கோபேயின் நாகாத்தா வட்டாரத்தில் செயற்கைத் தோல் காலணி செய்யும் சிறு தொழிற்கூடங்கள் நெருங்கி இருந்தன. 1975-க்குப் பின் படகேறி வந்த வியட்நாமிய அகதிகள் பலர் அங்கே உழைத்தனர். அவர்களுள் கத்தோலிக்கர் பலர். தக்கத்தோரி ஆலயமே அவர்கள் பங்கு. நிலநடுக்கத்தைத் தொடர்ந்த தீயில் ஆலயம் எரிந்துபோயிற்று. கைகளை விரித்து நின்ற கிறிஸ்துவின் சுரூபம் மட்டும் எஞ்சியது. அதன் அருகிலேயே நெருப்பு அடங்கியது என்று மக்கள் சொல்லிக்கொண்டனர். ஆலய முற்றத்தில் நெருப்பு மூட்டிக் குளிர்காய்ந்தபடியே ஞாயிறு திருப்பலி நடந்தது.

தொலைவில் அரசு வீடு கிடைத்தாலும் இவர்கள் போக விரும்பவில்லை. போனால் வேலையும் போகும், தம் மொழி பேசும் மனிதரும் போவர். பூங்காவில் பிளாஸ்டிக் விரிப்புகளுக்குக் கீழ் முடங்கினர். டோக்கியோவிலிருந்து வந்த கட்டடக் கலைஞர் ஷிகேரு பான், காகிதக் குழாய்களால் ஆலயம் கட்டித் தருவதாகச் சொன்னார். தீயில் எரிந்த இடத்தில் காகிதமா என்று பங்குத்தந்தை தயங்கினார். பான் ஞாயிறுதோறும் வந்துகொண்டே இருந்தார். மணல்மூட்டைகள் நிரப்பிய பீர்ப் பெட்டிகளை அடித்தளமாக வைத்து, காகிதக் குழாய்ச் சுவரும் கூடாரத் துணிக் கூரையுமாக, அம்மக்கள் இருந்த பூங்காவிலேயே சிறு வீடுகளை மாணவர்களின் துணையோடு எழுப்பினார். பக்கத்துக்கு நான்கு மீட்டர் அளவே உள்ள வீடுகள். அரசு வீட்டைவிடச் சிறியவை. ஆனாலும் அவற்றில் குடியேறிய குடும்பம் பழைய முகங்களுக்கு நடுவே குடியேறியது.

1995 செப்டம்பரில் 58 காகிதக் குழாய்கள் தாங்கும் ஆலயமும் எழுந்தது. அவ்வளாகத்திலிருந்தே வியட்நாமியம் உள்ளிட்ட பல மொழிகளில் வானொலியும் ஒலித்தது. 1923-இல் டோக்கியோவைச் சிதைத்த நிலநடுக்கத்தின்போது வதந்தியை நம்பிக் கொரியரைக் கொன்று குவித்த வரலாற்றை அறிந்த நகரம் அது. அயலாருக்கு அவரவர் மொழியில் செய்தி சேர்வது எவ்வளவு இன்றியமையாதது என்பது அங்குள்ளோருக்குத் தெரிந்திருந்தது. சில காலத்திற்கென எழுந்த காகித ஆலயம் பத்து ஆண்டுகள் நின்றது. 2005-இல் பிரிக்கப்பட்டுத் தைவானுக்குச் சென்றது. அங்கும் 1999-இல் நிலநடுக்கத்தால் சிதைந்த தாவ்மி என்னும் சிற்றூரில் 2008-இல் அது மீண்டும் நிறுத்தப்பட்டது.

இரண்டு ஆண்டுகளுக்கெனக் கட்டப்பட்ட கோபேயின் அரசு வீடுகளில் கடைசிக் குடும்பம் வெளியேறியது 2000 ஜனவரியில். அவர்களுக்கு எனக் கட்டப்பட்ட நிலையான அடுக்குமாடிகளிலும் தனிமைச் சாவுகள் தொடர்ந்தன. முறை மாறியது 2004 அக்டோபரில்தான். நீகாத்தா மாநிலத்தில் யமகோஷி என்னும் மலைக்கிராமம் நிலநடுக்கத்தால் முழுவதுமே கைவிடப்பட்டபோது, தற்காலிக வீடுகளைச் சிற்றூர் சிற்றூராகப் பிரித்துத் தந்தனர். ஊரில் அடுத்த வீட்டில் இருந்தவர் அங்கும் அருகிலேயே இருந்தார்.

2011 மார்ச் 11-இல் வடகிழக்குக் கரையை ஆழிப்பேரலை அழித்தபின், சில ஊர்கள் யமகோஷியின் வழியைப் பின்பற்றின. வேறு சில ஊர்களில் வீடுகள் போதவில்லை, காத்திருந்தோர் ஏராளம். யாருக்கும் ஓரவஞ்சனை செய்ததாகப் பேச்சு எழக்கூடாதென்று, அங்கே மீண்டும் சீட்டுக் குலுக்கினர்.