கலமசூவில் பிறந்த 335

1985-இல் வெளியான ‘பேக் டு த ஃபியூச்சர்’ படத்தில், காலத்தில் பின்னோக்கிப் போன மார்ட்டி என்ற இளைஞன் 1955ஆம் ஆண்டின் பள்ளி விழா மேடையில் ஒரு சிவப்புக் கித்தாரை வாசித்து அரங்கை அதிரவைப்பான். அவன் கையிலிருப்பது கிப்சன் ஈ.எஸ். 345. கித்தார் பித்தர்களுக்கு இந்தக் காட்சி எப்போதும் சிரிப்புத்தான். அந்த வம்சத்தின் முதல் கித்தாரே 1958-இல்தான் பிறந்தது. படப்பிடிப்பு முடிந்தபின் அந்தச் சிவப்புக் கித்தார் எங்கே போனதென்று தெரியாமல், 2025-இல் கிப்சன் நிறுவனமே அதைத் தேடித் தரும்படி பொதுமக்களைக் கேட்டுக்கொண்டது.

அந்த வம்சத்தின் மூத்த பிள்ளை ஈ.எஸ். 335. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், கலமசூ நகரத்தில் இருந்த கிப்சன் தொழிற்சாலையில் உருவாகி, 1958-இல் 267.50 டாலர் விலையில் கடைக்கு வந்தது. அந்த ஆண்டின் கித்தார் ஒன்று இன்று நல்ல நிலையில் கிடைத்தால் பல பத்தாயிரம் டாலருக்குப் போகும். இடையில் நடந்தது, ஒரு கம்பெனி தன் மிகச் சிறந்த பொருளைத் தானே மறந்துவிட்டு, அதை வாசித்தவர்களிடமும் பழைய கித்தார் வியாபாரிகளிடமும் பாடம் கேட்ட கதை.

335 பிறந்ததற்குக் காரணம் ஊளைச் சத்தம். கிப்சன் 1936-இல் வெளியிட்ட ஈ.எஸ். 150 உள்ளே வெறும் கூடு. மேலே, தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் ஒரு பிக்கப். பென்னி குட்மன் குழுவில் சார்லி கிறிஸ்டியன் அதை வாசித்தபோது, ஊதுகருவிகளுக்கு நடுவிலும் கித்தார் தனித்துக் கேட்டது. ஆனால் ஆம்ப்ளிஃபையரைக் கூட்டினால் வினை. ஸ்பீக்கரின் சத்தம் கித்தாரின் மெல்லிய மேற்பலகையை அதிரவைக்கும். பலகை தந்தியை அதிரவைக்கும். அந்த அதிர்வு மறுபடி ஸ்பீக்கருக்கே போகும். அவ்வளவுதான், கித்தார் ஊளையிடத் தொடங்கிவிடும். புளூஸ் கலைஞர் பி.பி. கிங் மேற்பலகைத் துளைகளுக்குள் துணியைத் திணித்துச் சமாளித்தார். அவர் பெயரில் கிப்சன் 1980-இல் வெளியிட்ட ‘லூசில்’ கித்தாரில் துளையே கிடையாது.

கித்தார் கலைஞர் லெஸ் பால் வேறு வழி பார்த்தார். 1940 வாக்கில், நியூயார்க்கிலிருந்த எபிஃபோன் தொழிற்சாலையில் விடுமுறை நாட்களில் இடம் கேட்டு வாங்கி, நான்கு அங்குலச் சதுரப் பைன் கட்டை ஒன்றில் தந்தி கட்டினார். ஊளை போயிற்று. ஆனால் மேடையில் கட்டையை வைத்துக்கொண்டு நின்றால் கேட்பவர்கள் கித்தாராக ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு எபிஃபோன் கித்தாரை இரண்டாக அறுத்து, அந்தப் பாதிகளைக் கட்டையின் இரு பக்கமும் சிறகுபோல ஒட்டினார். இப்போது அது கித்தார் ஆனது! இதை அவர் கிப்சனிடம் கொண்டுபோனபோது யாரும் பொருட்படுத்தவில்லை. 1952-இல் அவர் பெயரிலேயே கெட்டி உடம்புக் கித்தார் வெளியிட்டதும் அதே கிப்சன்தான்.

கெட்டிக் கித்தாரில் ஊளை இல்லை, தந்தி நெடுநேரம் நின்று ஒலிக்கும். கூட்டுக் கித்தாரின் வெதுவெதுப்பும் மூச்சும் மட்டும் அதில் குறைவு. கிப்சனின் அப்போதைய தலைவர் டெட் மெக்கார்ட்டி இரண்டையும் சேர்க்க நினைத்தார். 16 அங்குல அகலமும் ஏறத்தாழ 1¾ அங்குலக் கனமும் கொண்ட மெல்லிய உடம்பு. மேப்பிள், பாப்லர் ஏடுகளை ஒட்டி அழுத்திய பலகைகள். மேலே எஃப் எழுத்து வடிவில் இரண்டு துளைகள். உள்ளே நெக்கின் அடியிலிருந்து மறுமுனை வரை ஒரு மேப்பிள் கட்டை ஓடும். பிக்கப்பும் பிரிட்ஜும் அதன்மேல் அமரும்; காற்று இரு பக்கச் சிறகுகளில் மட்டும். லெஸ் பாலின் அறுத்து ஒட்டிய கித்தாரேதான், நல்ல தச்சன் கையில் செய்தது என்று சொல்லலாம். பீட்டில்ஸ் வாசித்த எபிஃபோன் கசீனோவையும் இதன் தம்பி என்று பலர் நினைப்பதுண்டு. வெளித்தோற்றம் ஒன்றுதான், கசீனோவின் உள்ளே நடுக்கட்டை இல்லை.

பிக்கப் கதை இன்னும் வேடிக்கை. இரைச்சலை அடக்கும் இரட்டைச் சுருள் ஹம்பக்கரை வடிவமைத்தவர் கிப்சன் பொறியாளர் சேத் லவர். காப்புரிமைக்கு 1955-இல் விண்ணப்பித்தார்கள், கிடைத்தது 1959-இல். இடையில் பிக்கப்பின் அடியில் ‘காப்புரிமைக்கு விண்ணப்பித்துள்ளோம்’ என்று ஒரு சிறு ஸ்டிக்கர். அந்த ஆங்கில வாசகத்தின் முதலெழுத்துகளே பி.ஏ.எஃப். என்று இன்று மந்திரம்போல் உச்சரிக்கப்படுகின்றன. செம்புக் கம்பி எத்தனை சுற்று என்பதில் அன்று பெரிய கண்டிப்பு இல்லை. கையில் அகப்பட்ட காந்தம் எதுவோ அதைப் போட்டார்கள். அதனால் ஒரு பிக்கப்போல இன்னொன்று ஒலிக்காது. பின்னாளில் காப்புரிமை எண்ணை அச்சிட்டபோதும், ஹம்பக்கரின் எண்ணுக்குப் பதிலாக தந்திகளின் அடிமுனையைப் பிடிக்கும் லெஸ் பாலின் பழைய டெயில்பீஸ் ஒன்றின் எண்ணைப் போட்டார்கள். அன்றைய அசட்டைக்கு இன்று சேகரிப்பாளர் ஆயிரக்கணக்கில் டாலர் கொடுக்கிறார்.

1958 முதல் 1960 வரை இயற்கை மர நிறத்தில் வெளியேறிய 335-கள் மொத்தம் 209 மட்டுமே. நெக்கில் புள்ளிகள் பதித்திருந்த அந்தக் காலக் கித்தார்களுக்கு ‘டாட் நெக்’ என்று பெயர். 1962-இல் புள்ளி போய்ச் சதுரக் கட்டம் வந்தது. 1964 முடிவில், உடம்பிலேயே பதிந்திருந்த டெயில்பீஸை எடுத்துவிட்டு ஊஞ்சல்போலத் தொங்கும் ட்ரபீஸை மாட்டினார்கள். 1965-இல் நெக்கின் அகலத்தைக் குறைத்தார்கள். பிரேசில் ரோஸ்வுட் அரிதாகி, ஃபிரட்போர்டுக்கு இந்திய ரோஸ்வுட் வந்ததும் ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஈட்டி, தோதகத்தி என்று சொல்லும் அதே மரம். 1994-இல் தமிழ்நாடு தனிச்சட்டம் போட்டுக் காத்த மரம். பிரேசில் மரத்தின் பன்னாட்டு வணிகம் 1992 முதல் ஏறக்குறைய முழுவதும் தடைபட்டிருப்பதால், ஒரு பழைய 335-ஐ இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோக அனுமதித் தாள் தயாராக இருக்க வேண்டும்.

1969-இல் கிப்சனின் தாய்க் கம்பெனி கைமாறியது. பின்னர் நார்லின் என்ற பெயரில் அறியப்பட்ட அந்த நிர்வாகத்தின் காலத்தைக் கித்தார்க்காரர்கள் இன்றும் முகம் சுளித்தே பேசுவார்கள். அதே வேளையில் வாசிப்பவர்கள் பழையதைத் தேடத் தொடங்கிவிட்டார்கள். 1970-இல் நாஷ்வில்லில் ஜார்ஜ் க்ரூன் கூட்டாளிகளோடு பழைய கித்தார் கடை திறந்தார். அங்கே வளர்ந்த நுணுக்கம் தனி ஆராய்ச்சி. எஃப் துளைக்குள் விளக்கடித்தால் தொழிற்சாலை முத்திரை தெரியும்: டி என்றால் 1958, எஸ் என்றால் 1959, ஆர் என்றால் 1960. டெயில்பீஸ் மாற்றிய துளைத் தடம் உண்டா, பிக்கப்பின் பற்றவைப்பு கலையாமல் இருக்கிறதா, லாக்கர் மறுபூச்சா என்று பார்ப்பார்கள். மறுபூச்சு என்றால் விலை ஏறக்குறைய பாதியாகிவிடும்.

ஜப்பானும் பார்த்துக்கொண்டிருந்தது. 1970களில் அங்கிருந்து வந்த கிப்சன் சாயல் கித்தார்கள் இறக்குமதியாளர்மீது நார்லின் வழக்குத் தொடுக்கும் அளவுக்குப் பெருகின. வழக்கு நெக்கின் தலை வடிவத்தைப் பற்றியது. தரத்தைப் பற்றி யாரும் புகார் செய்ததாகத் தெரியவில்லை. ஜாஸ் கலைஞர் ஜான் ஸ்கோஃபீல்ட் பல பத்தாண்டுகளாகக் கையில் வைத்திருப்பது 1981-இல் செய்த ஜப்பானிய ஐபனெஸ்.

கடைசியில் 1981-இல் கிப்சன் இறங்கிவந்தது. புள்ளிப் பதிப்பும் பழைய டெயில்பீஸும் கொண்ட 335-ஐ ‘டாட்’ என்ற பெயரில் மறுபடி வெளியிட்டது. டிம் ஷா என்ற பொறியாளர் பழைய பி.ஏ.எஃப். பிக்கப்பைத் தழுவி அதற்கான பிக்கப்களை வடிவமைத்தார். 1984-இல் கலமசூ ஆலை மூடப்பட்டு வேலை நாஷ்வில்லுக்கு மாற, அங்கிருந்த பழைய தொழிலாளர் சிலர் அங்கே போக மறுத்து, அடுத்த ஆண்டே கலமசூவின் அதே கட்டடத்தில் ஹெரிட்டேஜ் என்ற சொந்தக் கம்பெனி தொடங்கினார்கள். 335-இன் வேலை 2000-இல் மெம்ஃபிஸ் ஆலைக்குப் போனது. 2018-இல் கிப்சன் திவால் மனு போட்டபின் நாஷ்வில்லுக்கே திரும்பியது.

மறுவெளியீடு பிறகு ஒரு தொழிலாகவே ஆயிற்று. எரிக் கிளாப்டன் கிரீம் குழுவின் 1968 விடைபெறு கச்சேரியில் வாசித்த 1964ஆம் ஆண்டுச் சிவப்பு 335, 2004-இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 8,47,500 டாலருக்குப் போனது. அடுத்த ஆண்டே அதன் நகல்கள் 250 விற்பனைக்கு வந்தன. 2021-இல் தொடங்கிய கிப்சனின் மர்ஃபி லேப் இன்னும் ஒரு படி மேலே போய், புதுக் கித்தாரின் லாக்கரில் மயிரிழை விரிசலும் கீறலும் உண்டாக்கிக் கூடுதல் விலைக்கு விற்கிறது. புதுப் பித்தளை விளக்கில் களிம்பேற்றிப் பாட்டி காலத்துச் சொத்து என்று பூஜை அறையில் வைப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

பழையது நன்றாக ஒலிக்காது என்பதல்ல. ஆனால் ‘மிஸ்டர் 335’ என்று பெயரெடுத்த லாரி கார்ல்டன், ஸ்டீலி டேன் குழுவின் 1976 தொகுப்பில் கித்தார் மாணவர்கள் இன்றும் நோட்டெழுதிப் படிக்கும் தனிவாசிப்பை நிகழ்த்தியது 1969ஆம் ஆண்டுக் கித்தாரில். ஒல்லி நெக் காலத்தது. ட்ரபீஸைக் கழற்றி டெயில்பீஸ் மாற்றியது. சேகரிப்பாளர் பட்டியலில் கடைசி வரிசையில் நிற்கவேண்டிய கித்தார். வாசிப்பதற்காக வாங்குகிறவர் ஆண்டு முத்திரையைத் தேடி அலையாமல், நெக் கைக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து ஒரு நல்ல மறுவெளியீட்டை எடுப்பதே புத்திசாலித்தனம். அதிலும் 1980களின் தொடக்கத்தில் டிம் ஷா பிக்கப்போடு வந்த ‘டாட்’ கண்ணில் பட்டால் விலை விசாரித்து வைப்பது நல்லது. நாற்பது வயது தாண்டிய அந்த மறுவெளியீடுகளே இப்போது விண்டேஜ் கித்தார்களாக விற்கின்றன.