காது கேட்காதவர் எப்படி இன்டர்பிரெட்டர் ஆக முடியும்?

இந்த எபிசோடை ஒரு பிரஸ் மீட்டில் இருந்து ஆரம்பிக்கலாம்.

2014 அக்டோபர், நியூயார்க். நகரத்தில் முதல் எபோலா நோயாளி உறுதியான சமயம். மேயர் பில் டி பிளாசியோ பேசுகிறார். பக்கத்தில் ஒருத்தர் சைகை மொழியில் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறார். பெயர் ஜோனதன் லாம்பர்ட்டன். கை மட்டும் இல்லை, புருவம், கன்னம், தோள் எல்லாமே பேசுது. டிவியில் பார்த்த பலருக்கு அப்புறம்தான் ஒரு விஷயம் தெரிந்தது: லாம்பர்ட்டனுக்கே காது கேட்காது.

உடனே என்ன கேட்கத் தோணும்? மேயர் பேசுறது கேட்காமலே எப்படி மொழிபெயர்க்கிறார்?

பதில் கேமராவுக்கு வெளியே இருக்கு. காது கேட்கிற இன்னொரு இன்டர்பிரெட்டர், லாம்பர்ட்டனுக்கு எதிரே இருந்து, மேயர் சொல்வதை அமெரிக்கன் சைன் லாங்குவேஜில் கொடுக்கிறார். லாம்பர்ட்டன் அதை வாங்கி, டிவி பார்க்கிற டெஃப் மக்களுக்குப் புரியுற மாதிரி திரும்பச் சொல்கிறார்.

நம்ம ஆட்களுக்கு, குறிப்பா கோட் எழுதுறவங்களுக்கு, அடுத்த சந்தேகம் உடனே வரும். நடுவில் எதுக்கு இன்னொரு லேயர்? முதல் ஆளே நேரா டிவியில் நின்றால் போதாதா? இன்றைய எபிசோட் அந்தக் கேள்விக்கான பதில்தான். அந்தப் பதிலை ஒரு தொழிலாக, ஒரு படிப்பாக மாற்ற எத்தனை வருஷம் ஆனது என்பதும்தான்.

ஒரு சின்ன விளக்கம். நான் ‘டெஃப்’ என்றே சொல்லப் போறேன். சைகை மொழி பேசுகிற சமூகம் தன்னை அப்படித்தான் சொல்லிக்கொள்கிறது.

பேர் இல்லாத வேலை

டெஃப் மக்கள் ஒருத்தருக்கொருத்தர் மொழிபெயர்ப்பது புதுசு இல்லை. டெஃப் பள்ளி ஹாஸ்டல்களை யோசித்துப் பாருங்க. டெஃப் குழந்தைகளில் 10-ல் 9 பேருக்கு மேல் காது கேட்கிற அப்பா அம்மாவுக்குப் பிறந்தவர்கள். வீட்டில் யாருக்கும் சைகை மொழி தெரியாது. அதனால் பலருக்கு முதல் மொழியே பள்ளியில், இன்னொரு டெஃப் பையனிடம் இருந்துதான் கிடைக்கும். ஆங்கிலம் நல்லா வாசிக்கத் தெரிந்த பையன், வீட்டில் இருந்து வந்த கடிதத்தை நண்பனுக்குச் சைகையில் சொல்வான். டீச்சர் சொன்னது புரியாதவனுக்குப் புரிய வைப்பான். சம்பளம் கிடையாது, அதற்கு ஒரு பெயரும் கிடையாது.

வெளி உலகம் சைகை மொழியை எப்படிப் பார்த்தது? 1880-ல் இத்தாலியின் மிலான் நகரில் டெஃப் கல்விக்கான சர்வதேச மாநாடு நடந்தது. 164 பிரதிநிதிகள். அதில் டெஃப் ஒரே ஒருத்தர், அமெரிக்காவின் ஜேம்ஸ் டெனிசன். வகுப்பறையில் சைகை வேண்டாம், வாயால் பேசக் கற்றுக்கொடுப்பதே மேல் என்று மாநாடு தீர்மானம் போட்டது. டெஃப் ஆசிரியர்கள் பலர் வேலை இழந்தார்கள். 2010-ல் கனடாவின் வான்கூவரில் கூடிய அதே வரிசை மாநாடு, அந்தத் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. 130 வருஷம் கழித்து!

சைகை மொழி என்பது வெறும் ஜாடை இல்லை, முழு இலக்கணம் உள்ள மொழி என்று வில்லியம் ஸ்டோக்கி எழுதியது 1960-ல். 1965-ல் ஏ.எஸ்.எல். அகராதி வந்தபோது, அவரோடு சேர்ந்து அதைத் தொகுத்த கார்ல் குரோன்பெர்க், டாரத்தி காஸ்டர்லைன் இருவருமே டெஃப்.

1964, மன்சி

இந்தியானா மாநிலம், மன்சி என்ற ஊர், பால் ஸ்டேட் கல்லூரி. அங்கே 1964 ஜூனில் நடந்த ஒரு பயிலரங்கில்தான் அமெரிக்க இன்டர்பிரெட்டர்களின் தேசிய அமைப்பான ஆர்.ஐ.டி. பிறந்தது. அதுவரை இந்த வேலையைச் செய்தவர்கள் டெஃப் பெற்றோரின் பிள்ளைகள், ஆசிரியர்கள், பாதிரியார்கள். பெரும்பாலும் உதவியாக, இலவசமாக. இனிமேல் இது ஒரு தொழில், இதற்குத் தேர்வு உண்டு, விதிமுறை உண்டு என்று முடிவானது. நல்ல விஷயம்தான்.

ஆனா இங்கேதான் ஒரு டிசைன் முடிவு சத்தமில்லாமல் நடந்தது. இன்டர்பிரெட்டர் என்றால் யார்? காதால் கேட்டு கையால் சொல்பவர். 1970-களில் தொடங்கிய பயிற்சி வகுப்புகள் இந்த வரையறையை வைத்தே உருவாயின. பேச்சைக் கேட்டுச் சைகையில் சொல்வதுதான் அடிப்படைப் பயிற்சி. அந்தப் பேச்சு ஆடியோ கேசட்டில் இருக்கும். டெஃப் மாணவர் வந்தால் அந்த கேசட்டை வைத்து என்ன பண்ணுவார்? அவரை வராதே என்று யாரும் சொல்லத் தேவையே இல்லை. பாடத்திட்டமே சொல்லிவிட்டது.

நாலு டாலர், ஐந்து டாலர்

அதே இந்தியானா, 1968 மே. தியான் ஜாக்சன், வயது 27, டெஃப். பேச வராது, எழுதப் படிக்கத் தெரியாது, சைகை மொழியும் மிகக் கொஞ்சம். அறிவு வளர்ச்சியிலும் குறைபாடு இருந்ததாக நீதிமன்றப் பதிவு சொல்கிறது. இரண்டு பெண்களிடம் திருடியதாகக் குற்றச்சாட்டு. ஒன்றின் மதிப்பு 4 டாலர், இன்னொன்று 5 டாலர். மொத்தம் 9 டாலர்.

இவருக்கு வழக்கே புரியாது, அதனால் விசாரிக்க முடியாது, புரியுற நிலை வரும்வரை மருத்துவக் காப்பகத்தில் வைக்க வேண்டும் என்று உத்தரவானது. புரியுற நிலை எப்போது வரும்? மருத்துவர்கள் ஜாக்சனிடம் பேச முயன்றது டெஃப் பள்ளியைச் சேர்ந்த ஒரு இன்டர்பிரெட்டர் வழியாக. அவரே சாட்சி சொன்னார்: இந்த நிலையில் இருப்பவருக்கு அடிப்படைத் தொடர்பாவது கற்றுத்தர மாநிலத்தில் எந்த வசதியும் இல்லை. அப்போ இது நடைமுறையில் ஆயுள் தண்டனை, தீர்ப்பே இல்லாமல்.

1972-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதை ரத்து செய்தது. விசாரணைக்குத் தகுதியில்லை என்ற ஒரே காரணத்தால் ஒருவரைக் காலவரையின்றி அடைத்து வைக்க முடியாது என்பது அந்தத் தீர்ப்பு. சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கிறார்கள்.

டெஃப் இன்டர்பிரெட்டர் ஒருத்தர் இருந்திருந்தால் ஜாக்சன் கதை மாறியிருக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனா அந்த இரண்டாவது லேயர் எதற்கு என்ற கேள்விக்கு இங்கே பதில் கிடைக்குது.

சின்ன வயதில் மொழியே கிடைக்காமல் வளர்ந்த டெஃப் மக்கள் எல்லா நாட்டிலும் உண்டு. போலீஸ் பிடித்து, “அமைதியாக இருக்க உங்களுக்கு உரிமை உண்டு, நீங்கள் சொல்வது உங்களுக்கு எதிராகப் பயன்படுத்தப்படலாம்” என்று சொன்னால், ‘உரிமை’ என்ற சொல்லே அவர்களுக்குக் கிடையாது. காது கேட்கிற இன்டர்பிரெட்டர் ஒவ்வொரு சொல்லையும் சரியாகவே சைகையில் தரலாம். ஆனாலும் அது போய்ச் சேராது. டெஃப் இன்டர்பிரெட்டர் என்ன செய்வார்? ஒரு காட்சியாக்குவார். போலீஸ் கேட்கிறார். நீ பதில் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். சொல்லாததுக்காக அவர் உன்னை ஒன்றும் செய்ய முடியாது. சொன்னால் எழுதிக்கொள்வார், அந்தப் பேப்பர் நீதிபதிக்குப் போகும், அவர் அதைப் பார்த்து உன்னை ஜெயிலில் போடலாம். படம் வரைவார், நடித்துக் காட்டுவார். எதிரில் இருப்பவர் வீட்டில் பயன்படுத்துகிற சைகையையே எடுத்துக்கொள்வார். அப்புறம் “புரிஞ்சுதா?” என்று கேட்டுவிட்டு நகர மாட்டார். “என்ன புரிஞ்சுது, நீ சொல்லு” என்பார்.

இந்தத் திறமை பெரும்பாலும் ஹாஸ்டலில் வந்தது. பேர் இல்லாத அதே வேலையில் இருந்து.

சான்றிதழ் முதலில், படிப்பு அப்புறம்

ஜாக்சன் தீர்ப்பு வந்த அதே 1972-ல் ஆர்.ஐ.டி. தன் சான்றிதழ் தேர்வுகளைத் தொடங்கியது. டெஃப் மக்களுக்கும் ஒன்று இருந்தது. அதன் பெயரைத் தமிழில் சொன்னால் ‘தலைகீழ்த் திறன் சான்றிதழ்’. பெயரே சொல்லிவிடும், எது நேர், எது தலைகீழ் என்று யார் பார்வையில் முடிவானது என்று. 1988-ல் அது நிறுத்தப்பட்டது. பத்து வருஷம் கழித்து, 1998-ல்தான் ‘சான்றிதழ் பெற்ற டெஃப் இன்டர்பிரெட்டர்’ என்ற தனித் தகுதி வந்தது. இதில் ‘தலைகீழ்’ இல்லை.

ஆனா படிப்பு? தேர்வு இருக்கு, சிலபஸ் இல்லை என்ற நிலைமை. 2005-ல் அமெரிக்கக் கல்வித் துறையின் நிதியில் தொடங்கிய இன்டர்பிரெட்டர் கல்வி மையங்களின் கூட்டமைப்பு, அனுபவமுள்ள டெஃப் இன்டர்பிரெட்டர்களையே ஒரு குழுவாக உட்கார வைத்தது. நீங்கள் உண்மையில் என்ன செய்கிறீர்கள், எப்படிச் செய்கிறீர்கள் என்று அவர்களிடமே கேட்டுப் பாடத்திட்டம் எழுதினார்கள். யூசரிடம் கேட்டு ரிக்வயர்மென்ட் எழுதுவது நமக்குப் புதுசு இல்லை. இங்கே அது நடக்க 1964-ல் இருந்து 40 வருஷம் ஆச்சு.

அந்தப் பயிற்சியில் என்ன இருக்கும்? எழுத்தைப் பார்த்து நேரடியாகச் சைகையில் சொல்வது. காது கேட்கிற சக இன்டர்பிரெட்டரோடு டீமாக வேலை செய்வது, எங்கே நிறுத்தச் சொல்ல வேண்டும் என்று தெரிவது. பார்வையும் இல்லாத டெஃப் மக்களுக்குக் கையைத் தொட்டுச் சொல்வது. எல்லாவற்றையும் விட, நெறிமுறை. டெஃப் சமூகம் சின்னது. இன்று கோர்ட்டில் யாருக்காக நின்றீர்களோ, அவரை நாளைக்கு ஒரு கல்யாணத்தில் பார்ப்பீர்கள். கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. “இவன் நம்ம ஆளு” என்று அவருக்காக ஒரு வார்த்தை கூட்டியும் பேசக் கூடாது. ஹாஸ்டலில் நண்பனுக்கு உதவியவர், தொழில்முறை இன்டர்பிரெட்டராக மாறுவது இந்த இடத்தில்தான். பிறவித் திறமை மட்டும் போதாது, படிப்பு வேணும்னு சொல்றதுக்கு இதுதான் காரணம்.

பயிற்சி இல்லாத ஆளை நிறுத்தினால் என்ன ஆகும்? 2017-ல் இர்மா புயல் வந்தபோது ஃபுளோரிடாவின் மனாட்டி கவுன்ட்டியில், கொஞ்சம் சைகை தெரிந்த ஒரு ஊழியரை அவசரத்துக்கு டிவி முன் நிறுத்தினார்கள். புயல் எச்சரிக்கைக்கு நடுவே ‘பீட்சா’, ‘பூதம்’ என்று சைகைகள் வந்தன. அவருக்குக் காது நன்றாகவே கேட்டது.

இந்தியாவில்?

இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது 2015 செப்டம்பரில். டெல்லியில் இருக்கு. 2018-ல் 3,000 சொற்களோடு அகராதி வெளியிட்டது, 2021-ல் அது 10,000 ஆனது. இரண்டு டிப்ளமோ படிப்புகள் முக்கியமானவை. ஒன்று இன்டர்பிரெட்டர் ஆவதற்கு, காது கேட்பவர்களை மனதில் வைத்தது. இன்னொன்று சைகை மொழி ஆசிரியர் ஆவதற்கு, அது டெஃப் மக்களுக்கு.

டெஃப் மக்கள் ஆசிரியர் ஆவது பெரிய விஷயம், மிலானில் பறித்ததே அந்த வேலையைத்தான். ஆனா இந்தப் பிரிப்பைக் கொஞ்சம் கவனிங்க. 2023 செப்டம்பரில் சாரா சன்னி என்ற டெஃப் வழக்கறிஞர், இன்டர்பிரெட்டர் உதவியோடு நம்ம உச்ச நீதிமன்றத்தில் ஆஜரானார். அவர் சட்டம் படித்தவர், ஒரு இன்டர்பிரெட்டர் போதும். பள்ளிக்கே போகாத, வீட்டுச் சைகை மட்டுமே தெரிந்த ஒருத்தர் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தால்? அவர் பக்கத்தில் இரண்டு பேர் உட்கார வேண்டும். அதில் ஒருத்தர் டெஃப்பாக இருக்க வேண்டும்.

இரண்டு பேர் என்றால் செலவு இரண்டு மடங்கு என்று ஆபீஸில் சொல்வார்கள். 9 டாலருக்கு ஒருத்தரை எத்தனை வருஷம் அடைத்து வைக்கலாம் என்று கணக்குப் போட்டால், எது அதிகச் செலவு என்று தெரியும்.